செவ்வாய்க்குச் செல்லலாம், வாழலாமா?

மண்ணிற் பிறந்த மனிதன் விண்ணை அண்ணாந்து நோக்கத் தொடங்கிய காலம் இன்னதென வரையறுத்துக் கூறுதல் அரிது. நிலவை நோக்கினான், நாள் கணக்கு அறிந்தான். விண்மீன்களை நோக்கினான்; கடல்வழி கண்டான். நோக்கியதோடு அமையாமல், நோக்கிய இடத்திற்கே செல்லவும் துணிந்தான். 1969இல் நிலவில் கால் பதித்த மனித இனம் இன்று அதனினும் பன்மடங்கு தொலைவிலுள்ள செவ்வாய்க் கோளைக் குறிவைத்து நிற்கிறது.

செவ்வாயைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இருவேறு குரல்களை நாம் கேட்கிறோம். "இன்னுஞ் சில ஆண்டுகளில் மனிதன் செவ்வாயில் குடியேறிவிடுவான், நிலவுலகம் பாழ்பட்டாலும் நமக்கு வேறோர் உலகம் ஆயத்தமாக இருக்கிறது" என்பது ஒரு குரல். "குடிநீருக்கே அல்லலுறும் நாட்டுக்குக் கோள்களைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு?" என்பது மற்றொரு குரல். முன்னது பெரும்பாலும் இளைஞர் குரல். பின்னது பெரும்பாலும் பெரியோர் குரல். இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது நம் கருத்து. செல்லுதல் வேறு, தங்குதல் வேறு, வாழ்தல் வேறு என்று தமிழ் மூன்று சொற்களை நமக்குத் தந்துள்ளது. செவ்வாயைப் பற்றி எண்ணும்போது இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனால்தான் மயக்கம் விளைகிறது. அவற்றைப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்மீன் கண்ட மரபு

செவ்வாய் தமிழர்க்குப் புதியதன்று. அதன் நிறங்கண்டே அதற்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். புறநானூற்றின் 60ஆம் பாடல், அகன்ற வானில் ஒளிரும் செம்மீனுக்குக் கடல் நடுவே செல்லும் மீன்படகின் விளக்கை உவமையாகக் கூறுகிறது. அச்செம்மீனைச் செவ்வாய் எனக் கொள்வாருண்டு. இரவில் புதுவைக் கடற்கரையில் நின்று, தொலைவில் மினுங்கும் படகு விளக்குகளைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் அழகை எடுத்துக் கூற வேண்டியதில்லை.

வானியல் வரலாற்றிலும் நம் புதுவைக்கு ஓர் இடமுண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். சூரியனின் முகப்பை வெள்ளி கடந்து செல்லும் அரிய நிகழ்வை அளந்தால், புவிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கணித்துவிடலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் கண்டனர். அத்தொலைவு தெரிந்தால் செவ்வாய் முதலிய பிற கோள்களின் தொலைவும் தாமே விளங்கிவிடும். இதற்கெனப் பிரான்சிலிருந்து 1760இல் புதுவை நோக்கிப் புறப்பட்டவர் கியோம் லெ ழாந்தி என்னும் வானியலறிஞர். அவர் வந்து சேர்வதற்குள் 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றிவிட்டனர். 1761 சூன் 6ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் அசையும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். பயனுள்ள அளவெதையும் எடுக்க இயலவில்லை. அடுத்த நிகழ்வுக்காக எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுவைக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டையின் மீது ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 சூன் 4ஆம் நாள் காலை, வெள்ளி கடக்கும் நேரத்தில், புதுவை வானத்தை மேகம் மூடிக்கொண்டது. நிகழ்வு முடிந்த பின்னரே கதிரவன் முகம் காட்டினான்.

எட்டாண்டு உழைப்பு ஒரு மேகத்தால் மறைக்கப்பட்டது. ஆயினும் அவருடைய வருகை வீணாகிவிடவில்லை. புதுவையில் தங்கியிருந்த காலத்தில், கோள்மறைவுகளைக் கணிக்கும் முறையைத் தமிழ்க் கணியர் ஒருவரிடம் அவர் கற்றறிந்து ஐரோப்பாவுக்கு எடுத்துரைத்தார். பின்னர் 1825இல் ஜான் வாரன் என்பாரும் இதே புதுவையில் ஒரு பஞ்சாங்கக் கணியர், சோழிகளைத் தரையில் பரப்பிச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தை அக்கணியர் நான்கு நிமிட வேறுபாட்டில் சொல்லிவிட்டார். எழுத்தின் துணையின்றி நினைவாற்றலையே துணையாகக் கொண்டு அவர் இதனைச் செய்தார் என்பது வியப்புக்குரியது. வானை அறியும் வேட்கை ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரிய தனிச்சொத்தன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மங்கள்யான் காட்டிய வழி

அவ்வேட்கையின் தொடர்ச்சியே மங்கள்யான். 1980 சூலை 18ஆம் நாள், இராமேசுவரம் ஈன்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைப் புவிச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த முதல் முயற்சி வங்கக் கடலில் வீழ்ந்தது. அந்தக் கடலின் கரையிலிருந்தே, 33 ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பர் 5ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-25 ஏவூர்தி 1,337 கிலோ எடையுள்ள மங்கள்யானைச் சுமந்து எழுந்தது. "செவ்வாயோ வெறுவாயோ" என்று நம்மவர் நற்செயல் தொடங்கத் தயங்கும் செவ்வாய்க்கிழமையிலேயே அது புறப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2014 செப்டம்பர் 24ஆம் நாள் அது செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. முதல் முயற்சியிலேயே செவ்வாயை வெற்றியுடன் எட்டிய முதல் நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிட்டியது. அன்று புவிக்கும் செவ்வாய்க்கும் இடையே வானொலி அலை ஒருவழி செல்லவே 12 நிமிடங்களுக்கு மேலாயின. ஆகவே கலத்தின் வேகத்தைக் குறைக்கும் கட்டளைகள் அனைத்தும் முன்கூட்டியே அதற்குள் பதிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 300 நாட்கள் உறங்கிக் கிடந்த 440 நியூட்டன் எந்திரத்தை, இரு நாட்களுக்கு முன் சுமார் 4 விநாடிகள் இயக்கிச் சோதித்தனர். அன்று 24 நிமிடங்கள் அது பழுதின்றி எரிந்தது. இத்திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர். அதன் பொறுப்பை மேலிருந்து ஏற்ற மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்தவர். இருவரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து எழுந்தவர்கள் என்பதை நம் மாணவர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

ஆறு திங்கள் பணிக்கெனத் திட்டமிடப்பட்ட அக்கலம், 2022 ஏப்ரலில் தொடர்பு அறும்வரை ஏழரை ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றிவந்தது. அதற்கான செலவு சுமார் 450 கோடி ரூபாய். வீண்செலவு என்று கூறும் பெரியோர்க்கு நாம் பணிவுடன் ஒன்று கூறுவோம். விண்கலம் செய்யும் அதே கூடங்களில்தான் புயலை முன்னறிந்து சொல்லும் செயற்கைக்கோளும், மீனவர்க்கு மீன்வளமுள்ள கடற்பகுதியைக் காட்டும் செயற்கைக்கோளும் செய்யப்படுகின்றன. தொலைவிலுள்ளதை எட்டப் பயின்ற கை அருகிலுள்ளதைச் செம்மையாகச் செய்யும். கரையோர ஊராகிய புதுவை, 2011 திசம்பரில் தானே புயலின் சீற்றத்தைக் கண்டது. புயல் வருமுன் எச்சரிக்கை வருவதன் அருமையை நமக்கு வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செவ்வாய்க்குச் செல்லுதல் கூடும், செல்லுதல் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

செவ்வாய் ஒரு பாலை

சென்று கண்டவை யாவை? 1877இல் இத்தாலிய வானியலறிஞர் சியாப்பரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயின் மீது கோடுகள் பலவற்றைக் கண்டதாக வரைந்தார். அவை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் வாதிட்டார். உலகமே நம்பிய அக்கால்வாய்கள், 1965 சூலையில் மாரினர்-4 விண்கலம் அருகிற் சென்று எடுத்த படங்களில் இல்லை. குழிகள் நிறைந்த வறண்ட தரையே தெரிந்தது. நெருங்கிச் சென்று காணாதவரை மனிதன் தன் விருப்பத்தையே வானத்தில் எழுதிப் படிக்கிறான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் அதன்பின் சென்ற கலங்கள் வேறோர் உண்மையைக் கண்டன. வறண்ட ஆற்றுப்படுகைகளும், ஏரியின் அடியிற் படிந்த வண்டற் பாறைகளும் அங்கே உள்ளன. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும், 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் முற்காலத்து ஏரிகளின் தடங்களில்தான் உலவின. முந்நூறு கோடி ஆண்டுகட்கு முன் செவ்வாயில் நீர் ஓடியது என்பதில் இன்று அறிவியலார்க்கு ஐயமில்லை. பின்னர் அந்நீர் எங்கே போயிற்று? செவ்வாய் சிறிய கோள். புவியின் எடையில் பத்தில் ஒரு பங்கே உடையது. அதன் உட்பகுதி விரைவில் குளிர்ந்து, கோளைக் காக்கும் காந்தக் கவசம் அழிந்தது. கவசம் இழந்த வளிமண்டலத்தைச் சூரியக் காற்று சிறிது சிறிதாக அரித்துச் சென்றது. காற்றழுத்தம் குறையவே நீரில் ஒரு பகுதி ஆவியாகி அகன்றது. எஞ்சியது பனியாகவும், பாறையோடு பிணைந்தும் தரைக்குள் ஒடுங்கியது.

தமிழ் பயின்றவர்க்கு இச்செய்தி ஒரு பழைய கருத்தை நினைவூட்டும். பாலை என்பது தனித்ததொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் உரைக்கிறார். செவ்வாயும் அத்தகையதே. நீர் பாய்ந்த நிலம் தன் இயல்பு திரிந்து கிடக்கும் பெரும்பாலை அது.

முதலுண்டு, கருவில்லை

இனி, அங்கே வாழ முடியுமா என்னும் வினாவுக்கு வருவோம். தொல்காப்பியர் வாழ்க்கையை மூன்று பொருள்களாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் இயைந்ததே திணை. இலக்கியத்துக்கு வகுத்த இவ்விலக்கணத்தைச் செவ்வாயின்மீது பொருத்திப் பார்த்தால் சிக்கல் எங்கே உள்ளதென்பது தெளிவாகும்.

செவ்வாயில் முதற்பொருள் உண்டு. நிலம் உண்டு, மலையும் பள்ளத்தாக்கும் உண்டு. பொழுதும் உண்டு, அங்கே ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம். அச்சு 25 பாகை சாய்ந்திருப்பதால் பருவங்களும் மாறிவருகின்றன. ஆண்டு மட்டும் நம் 687 நாட்கள் கொண்டது. இந்த ஒப்புமையே மனிதனுக்கு ஆசையூட்டுகிறது.

கருப்பொருளோ ஒன்றேனும் இல்லை. நாம் இன்றியமையாதனவாகக் கொள்ளும் ஒவ்வொன்றையும் எடுத்து நோக்குவோம்.

முதலாவது காற்று. செவ்வாயின் வளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமில வாயு. அதன் அழுத்தமோ நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காப்புடையின்றி வெளியே வந்தவன் ஒரு மூச்சுக்கூட இழுக்க இயலாது. பெர்சிவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்சி என்னும் கருவி, கரியமில வாயுவிலிருந்து உயிர்வளியைப் பிரித்தெடுத்துக் காட்டியது. இது போற்றத்தக்க சாதனை. 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்டு வரை 16 முறை இயங்கி அது தந்த உயிர்வளி மொத்தம் 122 கிராம். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் வேண்டும். இரண்டாண்டுகளுக்கும் மேலான ஆய்வின் விளைச்சல் ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடவே போதுமானது. கருவி சிறியது, பெரிதாக்கலாம். ஆயினும், காற்றைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பெறும் நிலையில்தான் அங்கே மனிதன் இருப்பான் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது வெப்பமும் கதிர்வீச்சும். செவ்வாயின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 60 பாகை செல்சியசு அளவினது. அங்கே நண்பகலில் இதமாயிருக்கும் இடமும் இரவில் கடுங்குளிரில் உறையும். காந்தக் கவசமும் அடர்ந்த வளியும் இன்மையால் விண்கதிர்கள் தரைவரை பாய்கின்றன. புவியில் வாழும் ஒருவர் இயற்கையாக ஓராண்டில் பெறும் கதிர்வீச்சை, செவ்வாயின் தரையில் நிற்பவர் நான்கே நாட்களில் பெற்றுவிடுவார் என்று கியூரியாசிட்டியின் அளவீடு காட்டுகிறது. எனவே அங்கே செல்பவர் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தரைக்கடியிலோ தடித்த சுவர்களுக்குள்ளோ கழிக்க நேரும்.

மூன்றாவது மண். 2008இல் வடதுருவப் பகுதியில் இறங்கிய பீனிக்சு கலம், தரைக்கடியில் பனிக்கட்டியைக் கண்டது. கூடவே மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பையும் கண்டது. உடலின் தைராய்டுச் சுரப்பியைக் கெடுக்கும் நச்சு அது. அதனை நீக்காமல் அம்மண்ணில் விளைந்ததை உண்ண இயலாது. 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய நம் நாட்டு வீரர் சுபான்சு சுக்லா, வெந்தயத்தையும் பாசிப்பயற்றையும் அங்கே முளைக்க வைத்தார். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் அவ்விதைகள் புவியின் விதைகள். அவை பருகிய நீரும் காற்றும் புவியிலிருந்து சென்றவை.

இவற்றையெல்லாம் கண்ணாடிக் கூடத்துள் செயற்கையாகப் படைத்துவிடலாமே என்பர் சிலர். அம்முயற்சியும் நடந்ததுண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் மூன்று ஏக்கருக்குச் சற்று மிகுந்த பரப்பில், முற்றிலும் மூடப்பட்ட ஒரு சிற்றுலகை அமைத்தனர். காடு, வயல், சிறு கடல் எல்லாம் அதனுள் இருந்தன. 1991 செப்டம்பரில் எண்மர் ஈராண்டுக்கென உள்ளே சென்றனர். நாளடைவில் உள்ளிருந்த காற்றில் உயிர்வளி 21 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் உயிர்வளியை உண்டன. அவை வெளியிட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் சிமெண்டுக் கலவை உறிஞ்சிக்கொண்டது. செடிகள் மீட்டுத் தருவதற்கு எஞ்சியது குறைவாயிற்று. எவரும் எதிர்பாராத கணக்கு அது. முடிவில் 1993 சனவரியில் வெளியிலிருந்து உயிர்வளியைச் செலுத்த நேர்ந்தது. புவியில் ஆனமையால் கைநீட்டும் தொலைவில் காற்று இருந்தது. செவ்வாயில் இது நேர்ந்திருப்பின்?

அங்கே பயணத்துக்கே ஆறு முதல் ஒன்பது திங்கள் ஆகும். புறப்படத் தக்க வேளையும் 26 திங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். உதவி கோரும் குரல் புவியை எட்டுவதற்கே, தொலைவுக்கேற்ப 3 முதல் 22 நிமிடங்கள் செல்லும்.

ஒருவழிப் பயணமும் உயிரின் மதிப்பும்

இத்தகைய இடத்துக்கு, திரும்பி வரும் வழியின்றி மனிதரை அனுப்பலாமா? நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ஸ் ஒன் என்னும் நிறுவனம் 2012இல் அத்தகைய ஒரு திட்டத்தை அறிவித்தது. உலகெங்குமிருந்து பல்லாயிரவர் பெயர் கொடுத்தனர். 2014 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் இஸ்லாமிய விவகாரத் தலைமை ஆணையத்து அறிஞர் குழுவொன்று, மீள வழியில்லாத அப்பயணம் உயிரைத் தக்க காரணமின்றி அழிவுக்கு உட்படுத்துவதாகும். அது மார்க்கத்துக்கு ஒவ்வாது எனத் தீர்ப்புரை வழங்கியது. அந்நிறுவனமோ எவரையும் எங்கும் அனுப்பாமலே 2019இல் திவாலாயிற்று.

இத்தீர்ப்புரையைக் கேட்ட சிலர், சமயம் அறிவியலுக்குக் குறுக்கே நிற்கிறது என்றனர். நடந்தது அதற்கு மாறானது. அதே ஆண்டு சூலையில் அதே அமீரகம் தன் செவ்வாய்த் திட்டத்தை அறிவித்தது. அல் அமல், அதாவது நம்பிக்கை, என்று பெயரிய அதன் விண்கலம் 2020 சூலையில் சப்பானிலிருந்து ஏவப்பெற்று, 2021 பிப்ரவரி 9ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. செவ்வாயில் ஒரு நகரம் காணும் கனவையும் 2017இல் அவர்கள் வெளியிட்டனர்; அதற்கு அவர்கள் குறித்த ஆண்டு 2117. அறிவைத் தேடுதல் கடமை. உயிரைப் பேணுதலும் கடமை. கருவியை முன்னே அனுப்பி, மனிதனை மீட்கும் வழி கண்ட பின்னரே அனுப்புவது இரண்டு கடமைகளையும் ஒருங்கே காப்பதாகும். ஒரு நூற்றாண்டு பொறுத்திருக்கச் சம்மதிப்பதையும் நாம் அறிவுடைமையாகவே காண்கிறோம்.

என்றேனும் வாழ முடியுமா?

"என்றேனும்" என்ற சொல்லுக்கு எல்லையில்லை. ஆகவே என்றுமே முடியாது என்று கூற நாம் துணியோம். 2023 சூன் முதல் 2024 சூலை வரை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நால்வர், செவ்வாய் வீடு போன்ற 1,700 சதுர அடி மனையில் 378 நாட்கள் அடைந்துகிடந்து பயிற்சி பெற்றனர். இவ்வாறு ஆயத்தம் செய்தோர் சிலர் சென்று தங்கித் திரும்பும் நாள் இந்நூற்றாண்டிலேயே வரலாம். அண்டார்க்டிகாவில் நம் நாட்டுக்கு 1989இல் அமைந்த மைத்ரியும் 2012இல் அமைந்த பாரதியும் உள்ளன. அறிவியலார் அங்கே சென்று ஆண்டுக்கணக்கில் தங்குகின்றனர்; எவரும் அங்கே குடியேறி வழிவழியாக வாழவில்லை. மூச்சுவிடக் காற்றும், குடிக்க உருக்குவதற்குப் பனியும் நிறைந்த அண்டார்க்டிகாவே இன்னும் மனிதனின் ஊராகவில்லை. செவ்வாய் அதற்கு முன் ஊராகிவிடும் என எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்?

செவ்வாயின் வளியையே தடிப்பாக்கிப் புவியைப் போல் மாற்றிவிடலாம் என்பாரும் உளர். அங்கே எட்டக்கூடிய கரியமில வாயு முழுவதையும் விடுவித்தாலும் இன்றைய தொழில்நுட்பத்தால் அது இயலாது என்று, செவ்வாயை ஆய்ந்த அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே, செல்லுதல் கூடும். தங்குதலும் ஒருநாள் கூடலாம். கருப்பொருளோடு இயைந்த வாழ்தலோ நாம் கண்ணால் காணக்கூடிய எதிர்காலத்தில் இல்லை என்பதே நம் முடிவு.

அருகிலுள்ள செம்மண்

செந்நிறப் பாலையைப் பசுமையாக்க வேண்டும் என்னும் வேட்கை எவர்க்கேனும் இருப்பின், அதற்குக் கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடக்க வேண்டியதில்லை. புதுவைக்கு வடக்கே, இன்று ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலத்தைக் காண்க. 1968இல் அந்நகர் தோன்றியபோது அது மரங்கள் அற்று, மழைநீர் அரித்த ஓடைகளாய்ப் பிளந்து கிடந்தது. மழைநீர் ஓடாதவாறு கரைகள் கட்டினர்; இம்மண்ணுக்குரிய மரங்களைத் தேடி நட்டனர். சுற்றுச் சிற்றூர் மக்களின் உழைப்பும் அதிற் கலந்தது. இன்று அங்கே காடு நிற்கிறது, பறவைகள் மீண்டுள்ளன. காற்றும் மழையும் விதையும் இலவசமாகக் கிடைத்த இடத்திலேயே இதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது.

நம் கடற்கரையும் ஒரு பாடம். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கெனக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. புதுவைக் கடற்கரையின் மணல் கரைந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மீனவர் தம் படகு நிறுத்தும் கரையை இழந்தனர். பாறைகளைக் கொட்டியே நகரைக் காக்க நேர்ந்தது. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் அறிவியலார் நீருக்கடியில் தடுப்பு ஒன்றை அமைத்த பின்னரே, தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் திரும்பியது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர் ஒரு கரையின் இயல்பைத் திரித்துவிடும் என்பதை நாம் முன்னறியவில்லை. ஒரு கோளின் இயல்பையே மாற்றுவோம் என்று கூறுமுன் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

செவ்வாயை ஆராய்வதன் பெரும்பயனும் இங்கேயே உள்ளது. ஒரு கோள் தன் காற்றையும் நீரையும் இழந்தால் எவ்வாறு கிடக்கும் என்பதை அது நமக்குக் காட்டி நிற்கிறது. செவ்வாய் தன் இயல்பு திரிந்தது இயற்கையால். அதைத் தடுக்க அங்கே எவரும் இல்லை. இங்கே ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வற்றாமல் இருப்பதும், கரையோர நிலத்தடி நீரில் உப்பேறாமல் தடுப்பதும் நம் கையில் உள்ளன. "புவி கெட்டால் செவ்வாய் இருக்கிறது" என்று கூறும் இளைஞர், புவியை விட்டு ஓடுவதற்குச் செலவிடும் கற்பனையில் பாதியை இவ்வேரிகளுக்குத் தரலாகாதா?

மாணவச் செல்வங்களே! அறிவியல் பயில்வோர் செவ்வாய்க்குக் கலம் செலுத்துங்கள். அருணனும் அண்ணாதுரையும் சென்ற வழி உங்களுக்கும் திறந்தே இருக்கிறது. தமிழ் பயில்வோர்க்கும் இதில் பணியுண்டு. சோழி கொண்டு கிரகணம் கணித்த புதுவைக் கணியரின் கலையைப் பிறமொழியார் எழுதி வைத்தமையால்தான் இன்று நாம் அறிகிறோம். நம்மவர் எழுதி வைத்திலர். மங்கள்யானின் வரலாற்றுக்கும் அந்நிலை நேரலாகாது. செவ்வாயிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் நம் வீட்டுத் தாய்மார்க்கும் குப்பத்து மீனவர்க்கும் விளங்கும் தமிழில் எழுதுங்கள். அச்செம்மீன் அஞ்சத்தக்க கிரகமும் அன்று, ஓடி ஒளியும் புகலிடமும் அன்று என்பதை அவர்கள் அறியட்டும். கடலுக்குச் செல்லும் படகுக்கு விளக்கு வேண்டும். திரும்பி வரக் கரையும் வேண்டும்.